மாணிக்கத்துக்கு மழை பெய்த வியாழக்கிழமை

நான் வேலை பார்த்த வானொலியில் இப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. வாரத் தொடர் நாடகத்தில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை நேயர்களே கைபேசியில் வாக்களித்து முடிவு செய்யலாம். கதாநாயகி கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டுமென்றால் ஒன்றை அழுத்துங்கள், மறுக்க வேண்டுமென்றால் இரண்டை அழுத்துங்கள். எதற்கு வாக்கு அதிகமோ அதையே எழுதி, நடித்து, ஒலிபரப்புகிறார்கள். இதைப் பாராட்டி நான் நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று இப்போது அங்கே இருப்பவர்கள் கேட்டார்கள். பதினெட்டு வருடம் அங்கே நாடகம் எழுதியவள் என்ற மரியாதை. எழுத உட்கார்ந்தேன். பாராட்டும் வரவில்லை, கண்டனமும் வரவில்லை. செல்வராஜ் என்ற ஒரு நேயரின் குரல்தான் காதில் வந்தது. அந்த நாலு வரியை அவர்கள் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும்.

மன்னார்குடியில் தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்தேன். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை சிறிய வானொலி ஒன்றைத் தொடங்கி, விவசாயிகளுக்கு நாடகம் எழுத ஆள் தேடியது. விண்ணப்பம் போட்டேன். முதல் இரண்டு வருடம் சந்தை நிலவரம் வாசித்தேன், மைக்குக்கு முன்னால் மூச்சுச் சத்தம் கேட்காமல் பேசக் கற்றேன், விதைநேர்த்தியையும் உர அளவையும் மனப்பாடம் செய்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது எங்கள் நிலைய இயக்குநர் சாமிநாதன் சாரைப் பற்றி.

ஒல்லியான மனிதர். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. ‘ஆறு மா’ என்ற பெயரில் வாரத் தொடர் ஒன்றை அவர் என்னிடம் ஒப்படைத்தார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம் வைத்திருக்கும் மாணிக்கம் என்பவரின் குடும்பக் கதை. அதற்கு சார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வெளியே வயலில் இந்த வாரம் என்ன நடக்கிறதோ அதுதான் கதையிலும் இந்த வாரம் நடக்க வேண்டும். ஊரில் நாற்று விட்டால் மாணிக்கமும் நாற்று விட வேண்டும். ஊரில் புகையான் பூச்சி விழுந்தால் மாணிக்கத்தின் வயலிலும் விழ வேண்டும்.

அதனால் சனிக்கிழமை தோறும் நான் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் வயலில் இறங்கி நிற்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தால் சார் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். திங்கட்கிழமை எழுதுவேன். செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு. அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கையால் அளைந்தால் வாய்க்கால் ஓடும். ஈரச் சாக்கை மிதித்தால் சேற்றில் ஆள் நடப்பார். முறத்தில் அரிசியைச் சாய்த்துச் சாய்த்து உருட்டினால் மழை. புதன்கிழமை காலையில் சார் கேட்பார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கையில் ஒரு பென்சில். எங்கேயாவது பொய்யாக ஒரு வசனம் வந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். என்ன தப்பு என்று சொல்லவே மாட்டார். தட்டிய இடத்தை நான்தான் குறித்துக்கொண்டு போய் யோசிக்க வேண்டும். எப்போதும் அவர் தட்டியது சரியாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு ஒலிபரப்பு.

வெள்ளிக்கிழமை நேயர் கடிதம். சார் அவற்றை மூன்று கட்டாகப் பிரிப்பார். கேள்வி கேட்டு வந்தவை ஒரு கட்டு. பாராட்டியும் திட்டியும் வந்தவை ஒரு கட்டு. மாணிக்கத்தின் பெண்ணுக்கு வரன் அமையட்டும், அண்ணன் தம்பி சேர்ந்துவிடட்டும் என்று வந்தவை மூன்றாவது. அந்தக் கட்டுக்கு அவர் வைத்த பெயர் வேண்டுதல். எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே அஞ்சலட்டையில் பதில் எழுதுவார். வேண்டுதல் கட்டுக்கு எழுதும் பதிலில் நன்றியும் விசாரிப்பும் இருக்கும், வாக்குறுதி ஒன்று கூட இருக்காது. ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அவங்க நம்மள சாமின்னு நெனச்சு எழுதுறாங்கம்மா. படிக்கணும். மதிக்கணும். ஆனா நாம சாமி இல்ல.”

தொடரின் மூன்றாம் வருடம் மாணிக்கத்தின் பசு செத்தது. அந்த மாதம் பல ஊர்களில் இளம்புல்லை மேய்ந்து மாடுகள் வயிறு உப்பிச் செத்திருந்தன. வேண்டுதல் கட்டு மேசை உயரத்துக்கு வந்தது. பசுவைப் பிழைக்க வைத்துவிடலாமா என்று எனக்கே ஆசையாக இருந்தது. சார் சட்டத்தைக் காட்டினார், பசு செத்தது. இரண்டு வாரம் வசவு வந்தது. அப்புறம் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒருவர் எழுதினார். நாடகத்தில் கேட்ட அறிகுறி தன் மாட்டுக்கும் தெரிந்ததாம். உடனே மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாராம், பிழைத்துக்கொண்டதாம். கேட்பவருக்குப் பிடிக்காததையும் சொல்லும் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று அன்று நம்பினேன். இன்று நினைத்துப் பார்த்தால், அது சாருடைய தைரியம். நான் அதைக் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மாணிக்கமாகப் பேசியவர் கோவிந்தராஜ், டவுன் பஸ் கண்டக்டர். நாடகம் பரவியபின் அவரால் நிம்மதியாக டிக்கெட் கிழிக்க முடியவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் களை எடுத்தாச்சா, பெரியவளுக்குப் பரீட்சை எப்படி என்று விசாரிப்பார்கள். அவரும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே விசில் ஊதுவார். எங்களுக்கு அதில் ஒரே பெருமை.

தொடரின் ஏழாம் வருடம் ஆனியில் அணை திறக்கவில்லை, ஆடியிலும் திறக்கவில்லை. குறுவைச் சாகுபடி போயிற்று. வெண்ணாற்றில் மணல்தான் தெரிந்தது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் மழையை நம்பி நேரடியாக விதைத்தார்கள். ஐப்பசியில் இரண்டு மழை பெய்தது. அதற்குப் பயிர் முளைத்து ஒரு சாண் வளர்ந்தது. பிறகு வானம் மூடிக்கொண்டது. கார்த்திகை முதல் வாரத்தில் நான் நின்ற வயலில் வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போயிற்று. பயிர் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வயலில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டார்கள், மேயட்டும் என்று. ஆண்கள் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள்.

சட்டப்படி மாணிக்கமும் திருப்பூர் போக வேண்டும். அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று வாரங்களில் மாணிக்கத்தின் பயிர் காய்ந்தது, மச்சான் திருப்பூரில் வேலை பார்த்து வைத்தான், மனைவி பையில் துணி மடித்து வைத்தாள். அந்தத் துணி மடிக்கும் காட்சி ஒலிபரப்பான மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. அப்போது கடிதம் குறைந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கியிருந்தன. இருநூறுக்கு மேல் வந்தன, எல்லாமே வேண்டுதல். கூத்தாநல்லூரிலிருந்து ரஹீமா பீவி என்ற அம்மா பேசியதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். “எங்க வீட்டுக்காரரு மலேசியா போயி பதினாறு வருசமாச்சும்மா. பெருநாளுக்குப் பெருநாளு குரல் மட்டும் வரும். மாணிக்கத்தையாவது வீட்டோட வச்சிருங்க. ஒரு வீட்டுலயாவது ஆம்பள இருக்கட்டும்.”

இன்னொரு குரல் செல்வராஜுடையது. அவர் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்து மா குத்தகைக்குப் பார்த்தார். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை காலையில் தவறாமல் தொலைபேசியில் பேசுவார். கதையில் வரும் தப்பை எல்லாம் சுட்டிக்காட்டுவார். தழைச்சத்து அந்த வாரம் வைக்கக் கூடாது, நீங்கள் வைக்கச் சொல்லிவிட்டீர்கள் என்பார். முகம் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் தப்பு எதுவும் சொல்லவில்லை. தன் மச்சானும் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை கிளம்ப வேண்டுமாம். பிறகு கேட்டார்: “மாணிக்கம் போயிடுவாரா மேடம்?”

வியாழக்கிழமை கேளுங்கள் என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில்தான் அது. அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அவர் கிளம்பாமல் இருக்கப் போகிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை உட்கார்ந்து மாணிக்கம் பஸ் ஏறும் காட்சியை எழுதினேன். மூன்று பக்கம். கிழித்துப் போட்டேன். இருநூறு பேர் கேட்கிறார்கள். எல்லோர் வயலும் காய்ந்து கிடக்கிறது. இந்த ஒரு வயலாவது பிழைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாணிக்கம் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார். தெருமுனையில் நிற்கிறார். திரும்பி வந்து வயலில் உட்கார்ந்து, என்ன ஆனாலும் இதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை அரிசியை முறத்தில் நானே உருட்டினேன். கோவிந்தராஜ் மைக்குக்கு முன்னால் உண்மையாகவே அழுதார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் கண்ணைத் துடைத்தார். பத்து நிமிட மழை.

புதன்கிழமை சார் கண்ணை மூடிக் கேட்டார். மழை விழுந்ததும் பென்சில் ஒரு தட்டு தட்டியது. பிறகு நாடகம் முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என்ன தப்பு என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

“இது மழைச் சத்தம் இல்லம்மா. கைதட்டுற சத்தம்.”

நான் வாதாடினேன். சார், இந்தச் சட்டத்தை நல்ல வருடத்துக்குப் போட்டீர்கள், இது அந்த மாதிரி வருடம் இல்லை என்றேன். ஜனங்கள் கேட்கிறதை ஒரு தடவையாவது கொடுத்தால் குறைந்துவிடுவோமா என்றேன். ஆறுதல் கொடுப்பதும் கலையின் வேலைதானே என்று பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதுபோலப் பேசினேன். அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். எழுதினது நீங்கள், முடிவு பண்ணுவதும் நீங்கள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். இயக்குநர் அவர். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாணிக்கத்துக்கு மழை பெய்தது. அந்த மாதிரி ஒரு வரவேற்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கோவிந்தராஜுக்கு பஸ்ஸில் யாரோ மாலை போட்டார்கள். ரஹீமா பீவி ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் செல்வராஜ் பேசினார். சிரித்துக்கொண்டே பேசினார். “பையை அவுத்துட்டேன் மேடம். மச்சானுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிட்டேன். மாணிக்கத்துக்குப் பேஞ்ச மழ நமக்கு மட்டும் பேயாமப் போயிடுமா?”

அந்தப் பேச்சுப் பதிவாகியிருந்தது. அதை நான் ஞாயிற்றுக்கிழமை நேயர் நேரத்தில் ஒலிபரப்பினேன். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு என்ன வேண்டும்?

மழை பெய்யவில்லை. மார்கழி முழுவதும் பனிதான் விழுந்தது. கதையில் மாணிக்கத்தின் பயிர் பச்சை பிடித்துவிட்டது, கதிர் வாங்கிவிட்டது. வெளியே வயல்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. சனிக்கிழமைகளில் கிராமத்துக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். என்னத்தைப் பார்த்து எழுதுவது? வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். செல்வராஜ் வெள்ளிக்கிழமைகளில் பேசினார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருதடவை, மாணிக்கம் வயலுக்கு இப்போது எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் கட்டுகிறார் என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மார்கழி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பேசவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கோவிந்தராஜ்தான் செய்தி கொண்டுவந்தார். பஸ்ஸில் கேள்விப்பட்டாராம். செல்வராஜ் காலையில் வயலுக்குப் போனவர் வரப்பில் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். வயது நாற்பத்தாறு.

சாரும் நானும் நிலையத்து ஜீப்பில் போனோம். செல்வராஜின் கூரை வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். செல்வராஜின் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஐஸ் பெட்டிக்கு மேலே குனிந்து. குரலை வைத்து நான் நினைத்திருந்த ஆள் இல்லை. ரொம்பச் சின்ன உருவம். வானொலிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் கூட்டம் வழி விட்டது. எங்களுக்கு டீ கொடுத்தார்கள். திருப்பூரிலிருந்து வந்திருந்த மச்சான் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிட்டே வந்து, “நீங்கதானா அந்தக் கதை எழுதுறவங்க?” என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்து போய்விட்டார்.

திருப்பூர் போயிருந்தாலும் அங்கேயும் நெஞ்சு நின்றிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். இருக்கலாம். அந்த வருடம் கடைமடையில் வரப்பில் விழுந்தது அவர் ஒருவர் மட்டும் இல்லை. நாடகம் கேட்டவர்களும் விழுந்தார்கள், கேட்காதவர்களும் விழுந்தார்கள். எது எதனால் என்று யாரால் சொல்ல முடியும்? தெரியாது என்பதுதான் என் தண்டனை. தெரிந்திருந்தால் குற்றம் என்றாவது பெயர் வைத்திருப்பேன்.

ஜீப்பில் திரும்பும்போது ஒரே ஒரு வாக்கியம் சார் சொன்னார். “தட்டுனதோட நான் நின்னிருக்கக் கூடாதும்மா.” அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் காபி கொடுத்து உடம்பைப் பற்றியே பேசினார். நாடகத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இப்போது அவர் இல்லை.

செல்வராஜ் இறந்த பிறகு நான் மூன்று வாரம் தொடரை நிறுத்தி வைத்தேன். பழைய நாடகங்களைப் போட்டோம். நான்காவது வாரம் ஒரு பெண் நிலையத்துக்கு வந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். செல்வராஜின் மனைவி தமிழரசி. அன்று கூட்டத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. கேட்டது இதுதான்: “மாணிக்கம் அறுத்துட்டாரா மேடம்? எங்க வீட்டுக்காரரு கடைசி வாரம்கூடக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. தை அறுப்ப மட்டும் சொல்லிடுங்க. நான் கேட்டுடுறேன், அவருக்காக.”

பார்க்கிறேன் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் திங்கட்கிழமைதான் என் வேலைநாட்களிலேயே மிக நீளமானது. அறுப்பை எழுதினால் இன்னொரு பொய். ஏற்கெனவே ஒரு பொய்யால் ஒரு மனிதர் போய்விட்டார் என்று என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. இனிமேல் நேயர் கேட்டதற்காக ஓர் எழுத்து எழுதமாட்டேன் என்று முடிவெடுத்தேன். உண்மையை எழுதினேன். பெய்த மழை ஒரே நாளோடு போய்விட்டது, அப்புறம் சொட்டுத் தண்ணீர் இல்லை, கதிர் எல்லாம் பதர் என்று எழுதினேன். மாணிக்கம் அரிவாளைத் தொடாமல் மாட்டை அவிழ்த்து வயலில் விடுகிறார். மாடு மேயும் சத்தத்தோடு பகுதி முடிகிறது. இந்தத் தடவை மேசையில் தட்ட வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்தேன். சாரும் தட்டவில்லை. ஆனால் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பகுதி போன மறுநாள் தொலைபேசி அடிக்கவே இல்லை. ஒரு வசவுகூட வரவில்லை. ரஹீமா பீவியிடமிருந்து மட்டும் சின்னக் குரல் பதிவு வந்தது. இதெல்லாம் எங்கள் வீடுகளிலேயே நடக்கிறதே அம்மா, ரேடியோவைத் திறந்தும் இதையே கேட்கவா என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அப்புறம் அவர் பேசவில்லை. நான் விடாமல் உண்மையையே எழுதினேன், இரண்டு வருடம். கேட்பவர்கள் குறைந்தார்கள். பஸ்ஸில் கோவிந்தராஜை யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. ‘ஆறு மா’ ஓர் ஆவணி மாதத்தில் ஓசையில்லாமல் நின்றுபோனது. நின்றதைக் கேட்டு ஒரு கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து நிமிடக் குறுநாடகங்கள், சுகாதாரம், சேமிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தமிழரசியை மறுபடி பார்த்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, கும்பகோணம் பேருந்து நிலையத்தில். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளை அங்கே ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தாராம், பேறுகாலத்துக்கு வந்திருந்தார். நன்றாகப் பேசினார். வெற்றிலை மடித்துக் கொடுத்தார். கேட்காமல் இருந்திருக்கலாம், நான் கேட்டேன். அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டீர்களா, மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்டபடி அறுப்பை எழுத என்னால் முடியவில்லை, பொய் சொல்ல மனசு வரவில்லை என்றேன்.

அவர் வெற்றிலைப் பையை மூடி இடுப்பில் செருகினார். பிறகு சொன்னார்: “மொத தடவ ஊரு கேட்டுச்சுன்னு மழைய எழுதுனீங்க. ரெண்டாவது தடவ உங்க மனசு ஆறணும்னு காய வச்சீங்க. மாணிக்கம் என்ன பண்ணியிருப்பாருன்னு ரெண்டு தடவையும் நீங்க கேக்கவே இல்லயே மேடம். எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. வாரா வாரம் என்கிட்ட கேப்பாரு, இந்த மாணிக்கம் என்னடி பண்ணுவான்னு.”

மன்னார்குடி பஸ் வந்தது. அவர் பையை வாங்கி ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்கு அப்புறம் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மாணிக்கம் என்ன செய்திருப்பார்? எனக்குத் தெரியவில்லை. போயிருப்பாரோ, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாரோ, உளுந்து தெளித்துப் பார்த்திருப்பாரோ. ஏழு வருடம் நான் எழுதிய மனிதர் அவர். அவரைவிட்டு எப்போது விலகினேன் என்பது மட்டும் தெரிகிறது. ரஹீமா பீவியின் குரலை மூன்றாம் முறை கேட்டபோது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நேயர்களைப் பார்த்து, இல்லாவிட்டால் என்னைப் பார்த்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, சாமிநாதன் சாருக்கு அது தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது பென்சிலால் தட்டுகிற அளவுக்குத்தான்.

என் பிரிவுபசார விழாவுக்கு நேயர்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஏற்புரையில் செல்வராஜைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று முன்தினமே முடிவு செய்திருந்தேன். ஒருநாளாவது, ஒரு கூட்டத்துக்கு முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். மைக்கைப் பிடித்து, கடைமடையில் செல்வராஜ் என்று ஒரு நேயர் இருந்தார் என்று ஆரம்பித்தேன். சிலருக்குப் பெயர் தெரிந்திருந்தது. முகங்கள் மாறின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாக, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா. சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

மைக்கைக் கை மாற்றிப் பிடித்தேன். பிறகு கோவிந்தராஜ் ஒருமுறை ஒலிப்பதிவில் பெண்டாட்டியைத் திட்டும் வசனத்தில் பல்செட்டைக் கழற விட்டதையும், அது மைக்கில் பட்டுத் தெறித்ததையும், அவர் விடாமல் பொக்கைவாயோடு முழு வசனத்தையும் திட்டி முடித்ததையும் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.